புது டயர் போட்ட பிறகு ஸ்டியரிங் நடுங்குகிறதா? மெஷின் காட்டும் பூஜ்யத்தோடு நின்றுவிடாதீர்கள்

கேள்வி இதுதான்: 2019 ஸ்விஃப்ட், வண்டியோடு வந்த அலாய் வீல், 185/65 ஆர்15 அளவில் நான்கு புது டயர். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை. 85இல் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கி, 100ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்குகிறது. பழைய டயரில் இந்தத் தொல்லை இல்லை. கடையில் இரண்டு முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி சிறு எடைகளை ஒட்டுவது) பார்த்து, மெஷினில் பூஜ்யம் வருவதைக் காட்டிவிட்டார்கள். இப்போது அலைன்மென்ட் செய்யுங்கள், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) மாற்றுங்கள் என்கிறார்கள். செய்யலாமா?

அலைன்மென்டுக்காக இப்போது பணம் கட்ட வேண்டாம். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது. அது தப்பியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். சக்கரம் சுற்றுக்குச் சுற்று உதறுவதற்கு அது நேரடிக் காரணம் ஆகாது. புது டயர் போட்டால் அலைன்மென்ட் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் உங்கள் நடுக்கத்துக்கு அது மருந்தில்லை. லோயர் ஆர்மைக் கடைசியில் பார்ப்போம். நேற்று வரை நடுங்காத வண்டி டயர் மாற்றிய அன்றே நடுங்கினால், அன்று கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

வேறு எதற்கும் முன் ஒரு வேலை: வீல் ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்தின் நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மெதுவாகப் போகும்போதே 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, நடுக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, நட்டு தளர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறுக்குங்கள். டயரின் பக்கவாட்டில் எங்காவது புடைப்பு தெரிந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. புது டயரானாலும் சரி.

இனி நடுக்கத்தின் வேகத்தைக் கவனிப்போம். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் ஓடும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். அப்படியென்றால் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றுகிறது. ஐந்தாவது கியரில் அதே வேகத்தில் எஞ்சின் 2,500 ஆர்பிஎம் அளவில் இருந்தால் அது நொடிக்கு 40 சுற்றுக்கு மேல். சக்கரத்திலிருந்து வரும் நடுக்கம் கையில் தனித்தனி உதறலாகத் தெரியும். எஞ்சினிலிருந்து வருவது 'ர்ர்ர்' என்ற ரீங்காரமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் போக்குவரத்து குறைந்த நேரத்தில், நல்ல சாலையில், 90இல் ஐந்தாவது கியரில் போய்ப் பாருங்கள். பிறகு அதே 90இல் நான்காவது கியருக்கு வாருங்கள். எஞ்சின் சுற்று கூடும், சக்கரச் சுற்று மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் பிரச்சினை சக்கரத்தில் அல்லது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி), பிரேக் டிஸ்க், ஆக்சிலில். நடுக்கம் மாறினால் எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட் பக்கம் பாருங்கள். சிலர் நெடுஞ்சாலையில் நியூட்ரலில் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கியரை மாற்றிப் பார்த்தாலே விடை கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கைப்பேசியே போதும். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை (ஹெர்ட்ஸ்) அதிர்கிறது என்பதைப் பார்க்கும் வசதி உண்டு. கைப்பேசியைக் கியருக்குப் பக்கத்தில் அசையாமல் வைத்து, கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. 90இல் 13 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை எழுந்தால், சக்கரம் சுற்றுக்கு ஒரு முறை உதறுகிறது. 26இல் எழுந்தால் சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது டயரோ ரிம்மோ லேசாக நீள்வட்டமாக இருக்கலாம். இந்த இரண்டாவது வகையை எவ்வளவு எடை ஒட்டினாலும் பேலன்சிங்கால் தீர்க்க முடியாது. கடைக்காரரிடம் பேசும்போது இந்த ஒரு படம் உங்களுக்குப் பெரிய பலம்.

85க்கும் 100க்கும் நடுவே மட்டும் ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் சக்கரம், ஹப், டிஸ்க் எல்லாம் சேர்ந்த தொகுதிக்குத் தன்னியல்பாக ஆடும் ஒரு வேகம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறைக்குள் இருக்கும். சக்கரத்தின் சுற்று அந்த எண்ணைத் தொடும்போது சிறிய குறையும் பெரிதாகத் தெரியும். தாண்டிவிட்டால் அடங்கும். குறை அங்கேயேதான் இருக்கிறது.

எங்கே தெரிகிறது என்பதும் முக்கியம். ஸ்டியரிங் மட்டும் ஆடினால் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்து ஸ்டியரிங் சும்மா இருந்தால் பெரும்பாலும் பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்தால் நின்றால், ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட். முப்பது, நாற்பதிலேயே வண்டி அன்னநடை போட்டால் ரிம் வளைந்திருக்கும் அல்லது டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டையான பெல்ட் பிரிந்திருக்கும். உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதல் வகை.

சரி, மெஷின் பூஜ்யம் காட்டியதே, அதற்கு என்ன அர்த்தம்? அந்த மெஷினில், சக்கரத்தின் நடுத்துளையில் செருகும் அந்தக் கூம்பு வடிவக் கோனில் மாட்டிய நிலையில், தரையைத் தொடாமல் சுற்றும்போது எடை சமமாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வண்டியில் அந்தச் சக்கரம் வேறொரு மையத்தில் உட்கார்ந்து, சுமார் 300 கிலோ பாரத்தைத் தாங்கிக்கொண்டு சுற்றுகிறது. எடை சரியாக இருப்பது, மையம் சரியாக இருப்பது, உருண்டை சரியாக இருப்பது என மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கடையில் பார்த்தது முதலாவதை மட்டும்.

அந்த முதலாவதையே ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதும் கேள்விதான். 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 5 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். 50இல் அதில் கால் பங்குதான். அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை. அலாய் வீலில் எடையை வெளியே தெரியாமல் ஒட்ட வேண்டும் என்பதற்காகச் சில கடைகளில் எல்லாவற்றையும் உள்ளே ஒரே வரிசையில் ஒட்டிவிடுவார்கள். சக்கரம் மேலும் கீழும் குதிப்பதை அது நிறுத்தும். இடமும் வலமுமாக உதறுவதை நிறுத்தாது, ஸ்டியரிங்கில் தெரிவதோ பெரும்பாலும் அதுதான். உள் ஓரத்தில் ஒரு வரிசை, ஆரங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை என்று இரண்டு தளத்திலும் செய்யும் டைனமிக் பேலன்சிங் கேளுங்கள். பழைய எடைகளை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரிம்மில் நாலைந்து இடத்தில் துண்டு துண்டாக ஈயம் ஒட்டியிருந்தால், பழையதன் மேல் சரிக்கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ரிம்மின் உள்ளே காய்ந்த செம்மண் கட்டி ஒட்டியிருந்தால் அதையும் சுரண்டிவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் கிராமத்துப் பக்கம் போய்வந்த வண்டிகளில் இது ஒன்றே காரணமாக இருப்பதும் உண்டு.

இன்னொன்று. நிறைய மெஷின்கள் 5 கிராமுக்குக் கீழ் இருப்பதைப் பூஜ்யமாகவே காட்டும். உண்மையான அளவைப் பார்க்கத் தனிப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து மையம். இதற்குக் கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, இரண்டு நிமிடம்கூட ஆகாது. பூஜ்யம் வந்த பிறகு, சக்கரத்தை மெஷினிலிருந்து தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். உண்மையிலேயே சமமாக இருந்தால் இப்போதும் பூஜ்யமோ அதற்கு அருகிலோ வர வேண்டும். திடீரென்று 20, 25 கிராம் என்று காட்டினால், கோன் பொருந்தவில்லை அல்லது மெஷினின் தண்டில் தேய்மானம் இருக்கிறது. அப்படியானால் அந்த மெஷினில் எத்தனை முறை செய்தாலும் வீண். வேறு கடைக்குப் போங்கள். பேலன்சிங் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வண்டியில் மாட்டும்போதும் மையம் கெடும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் முகத்தையும் ரிம்மின் உள்முகத்தையும் பாருங்கள். துருவோ, மண் படிவோ, ஒரு மணல் துணுக்கோ இடையில் மாட்டியிருந்தால் சக்கரம் கோணலாக உட்காரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் போதும். ஸ்விஃப்ட் ஹப்பின் மையம் 54.1 மில்லிமீட்டர். வண்டியோடு வந்த அலாய் அதில் கச்சிதமாக உட்காரும். வெளியில் வாங்கிய அலாய்களின் நடுத்துளை பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிதாக இருக்கும், 67.1 அல்லது 73.1 என்று. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் வரும். டயர் மாற்றும்போது அந்த வளையம் பழைய இடத்திலேயே தங்கிவிடுவதோ தொலைந்துவிடுவதோ சாதாரணம். உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் இதே தொல்லையோடு இதைப் படிக்கும் வேறு யாராவது வெளி அலாய் போட்டிருந்தால் முதலில் இந்த வளையத்தைத் தேடட்டும்.

நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்க வேண்டும். ஸ்விஃப்ட் போன்ற சிறு கார்களுக்கு 85 முதல் 100 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. ஏர் கன் வைத்து 'கடகட' என்று ஒரே மூச்சில் இறுக்கினால் ஒரு நட்டு அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் நிற்கும். சக்கரம் கோணலாக உட்காரும், கொஞ்ச நாளில் டிஸ்க்கும் உதறத் தொடங்கும். நட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் தரையில் படாத நிலையில் கையால் எல்லாவற்றையும் முழுக்க உட்கார வைத்து, பிறகு இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இரண்டு சுற்றாக இறுக்கச் சொல்லுங்கள். இதிலேயே நடுக்கம் போய்விடுவதும் உண்டு, செலவே இல்லாமல்.

மூன்றாவது, உருண்டை. டயரின் ஓரம், ரிம்மை ஒட்டிய இடத்தில், சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு இருக்கும். ரிம்மின் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் சுற்று முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் டயரின் விளிம்பு ரிம்மில் முழுமையாக உட்காரவில்லை. புது டயர் போட்டவுடன் வரும் நடுக்கத்துக்கு இது மிகச் சாதாரணமான காரணம், கடையில் மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுதான். காற்றை இறக்கி, விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்து, டயர் பேஸ்ட் நன்றாகத் தடவி மறுபடி ஏற்றினால் சரியாகும். இதற்காக 40 பிஎஸ்ஐக்கு மேல் காற்றை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது, ஆபத்து. உட்காராவிட்டால் இறக்கிவிட்டு மறுபடி பேஸ்ட் தடவ வேண்டும். அப்புறம், சில கடைகளில் உட்கார வைக்க ஏற்றிய காற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். வண்டி கட்டையாகக் குலுங்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரிசெய்யுங்கள்.

தடவிய பேஸ்ட் காயும் முன்பே பலமாகப் பிரேக் அடித்தால் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் நழுவும். நழுவினால் பேலன்சிங் கெட்டுவிடும். மெஷினில் பூஜ்யம் பார்த்த வண்டி மறுநாள் ஆடுவதற்கு இதுவும் காரணம். மறுபடி பேலன்சிங் செய்யும்போது வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு வால்வை விட்டு விலகினால் நழுவியிருக்கிறது. முதல் ஓரிரு நாள் மெதுவாக ஓட்டுவது நல்லது.

கடையில் டயர்களை மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தாலும், வண்டி பல நாள் ஒரே இடத்தில் நின்றிருந்தாலும், டயரில் தட்டையான இடம் விழும். இருபது கிலோமீட்டர் ஓட்டிச் சூடான பிறகு நடுக்கம் குறைந்தால் அதுதான். பெரும்பாலும் தானே சரியாகும். வாங்கும்போதே தயாரிப்புத் தேதி பார்த்திருக்கலாம்: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கம் 2324 என்றால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

இதெல்லாம் பார்த்தும் தீரவில்லையென்றால், எந்தச் சக்கரம் என்று கண்டுபிடியுங்கள். இடது முன்சக்கரத்தையும் இடது பின்சக்கரத்தையும் மட்டும் மாற்றிப் போட்டு, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் அமைதியாகி நடுக்கம் சீட்டுக்கு இடம்பெயர்ந்தால், இப்போது பின்னால் போனதுதான் குற்றவாளி. மாற்றமில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு வலது பக்கம் அதையே செய்யுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றாதீர்கள், எது எது என்று தெரியாமல் போய்விடும். ஒரே பக்கத்துக்குள் முன்பின் மாற்றுவதால், சுழல் திசை அம்புக்குறி போட்ட டயருக்கும் இந்த வழி ஒத்துவரும். டயர் மாற்றும்போது பின்னால் இருந்த ரிம் முன்னால் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். பள்ளத்தில் அடிபட்டு வளைந்த ரிம் பின்னால் இருந்தவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சந்தேகப்படும் சக்கரத்தை மெஷினில் சுற்றவிட்டு, கண்ணை டயர் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். டயரின் மேல்விளிம்பு ஏறி இறங்குகிறதா, பக்கவாட்டில் நெளிகிறதா? வீட்டிலேயே செய்வதானால் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்து, டயருக்கு அருகில் ஒரு செங்கல்லின் மேல் பென்சிலை வைத்துக் கையால் சுற்றுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் கவனிக்க வேண்டியது. முதலில் ரிம்மின் ஓரத்தில் அளந்து பிறகு டயரில் அளந்தால், கோணல் எதில் இருக்கிறது என்று பிரித்தறியலாம்.

ரிம் சரி, டயரில்தான் ஏற்றத்தாழ்வு என்றால், டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பிப் போடச் சொல்லுங்கள். டயரின் மேடும் ரிம்மின் மேடும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் இது அவற்றைப் பிரித்துவிடும். புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்புப் புள்ளி டயர் அதிகமாக மேடாக, விறைப்பாக இருக்கும் இடம். ரிம்மில் தாழ்ந்த இடத்துக்குக் குறி இருந்தால் சிவப்பை அதற்கு நேராக வைப்பார்கள்.

பார்த்தால் உருண்டை, எடையும் சமம், ஆனாலும் ஆடுகிறது என்று ஒரு வகை உண்டு. டயருக்குள் உள்ள பெல்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் ஓரிடம் மற்ற இடங்களைவிட விறைப்பாக இருந்துவிடும். சும்மா சுற்றும்போது தெரியாது. வண்டியின் பாரம் ஏறியதும், இரும்புப் பட்டையில் ஓரிடம் தடித்துப்போன மாட்டு வண்டிச் சக்கரம் போல, அந்த இடம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் மேலே உதைக்கும். ஈயம் ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. இதை அளக்கும் மெஷின் டயரின் மேல் ஒரு உருளையை அழுத்திச் சுற்றும், ரோட் ஃபோர்ஸ் பேலன்சர் என்று பெயர், அமெரிக்காவின் ஹன்டர் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. எல்லாக் கடையிலும் இருக்காது. பெரிய நகரங்களின் பெரிய டயர் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை உங்களைக் கிட்டத்தட்ட அதே விடைக்குக் கொண்டுவந்துவிடும்: எந்த டயர் என்று தெரிந்துவிடும்.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் என்று சக்கரத்தை வண்டியோடும் ஸ்டியரிங்கோடும் இணைக்கும் மூட்டுகள் இவையெல்லாம் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, பெரிதாக்கும். புஷ் தளர்ந்த வண்டியில் பத்து கிராம் குறைகூடக் கையில் தெரியும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தும், இடமும் வலமும் பிடித்து அசைத்தும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும், அது பாதுகாப்பு விஷயம். ஆட்டம் இல்லாமல், சக்கரங்களையும் சரிபார்க்காமல், ஆர்ம் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைக்குப் போகும்போது "வண்டி ஆடுகிறது" என்று மட்டும் சொன்னால் மூன்றாவது முறையும் அதே பேலன்சிங்தான் நடக்கும். "85 முதல் 100 வரை ஸ்டியரிங்கில் வருகிறது, கியர் மாற்றினாலும் மாறவில்லை, இடது முன்சக்கரத்தைப் பின்னால் போட்டால் சீட்டுக்குப் போகிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சக்கரத்தில் விளிம்புக் கோடு, அரைச் சுற்றுச் சோதனை, டயரைத் திருப்பிப் போடுவது என்று இந்த வரிசையில் உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். அப்புறமும் ஆடினால் அந்த ஒரு டயரை மட்டும் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால், டயர் நிறுவனத்தின் சர்வீஸ் எஞ்சினியர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தயாரிப்புக் குறைக்கான உத்தரவாதத்தில் டயரைப் பரிசோதித்து முடிவு சொல்வது அவர்கள் வேலை. பில், டயரின் தேதி எண், ஃபைஃபாக்ஸ் படம் மூன்றும் கையில் இருக்கட்டும். டயர் அதிகம் தேய்ந்த பிறகு போனால் பேச்சு கடினமாகும், எனவே இந்த வாரமே தொடங்குங்கள்.